மாதரும் பாரந் தூக்கலும்

பாரந் தூக்கல் ஆடவர்க்கே உரியது. பெண்கள் பயின்றால் மேனி கெடும், உடலுக்கு ஊறு நேரும் என்னும் அச்சம் நம்மிற் பலரிடத்து இன்றும் உண்டு. உலக்கை பிடித்து நெற்குற்றியும் குடஞ் சுமந்தும் குடும்பம் நடத்திய நம் பாட்டிமாரை நினைப்பின், இவ்வச்சம் பொருந்தாதென்பது விளங்கும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு இப்போட்டி முதன்முறை இடம்பெற்றது. அங்கே இந்திய மங்கை கர்ணம் மல்லேசுவரி மொத்தம் 240 கிலோகிராம் தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார்.

தசையைப் பருக்கச் செய்யும் தெஸ்தொஸ்தெரோன் என்னும் ஓமோன் பெண்ணுடலில் மிகக் குறைவு. ஆதலின் வலிமை பெருகினும் உருவம் ஆடவரைப் போலாகிவிடாது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைதல் இயல்பு. பாரந் தாங்கும் பயிற்சி அக்குறைவைத் தணிக்கத் துணைசெய்யும்.

எனினும் முறையறியாது தொடங்கலாகாது. பெண்களுக்கான போட்டித் தண்டின் நிறை 15 கிலோகிராம். அதுவும் மிகையாயின் இலேசான தண்டு கொள்க. நிலத்திலிருந்து எடுக்கும்போது தண்டு கால்களை ஒட்டியிருத்தல் வேண்டும், முதுகு வளையலாகாது, இடுப்பும் முழங்காலும் மடிந்து நிமிர்தல் வேண்டும். முறை வழுவாது பலதடவை தூக்க இயன்றபின்னரே பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. வாரத்தில் இரண்டு மூன்று நாட் பயிற்சி போதும். இடைநாட்கள் தசை தேறுதற்குரியன. நோயுடையார் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக.

சென்ற மாதம் அசையாத பாரம் இன்று கையில் எழும்போது பிறக்கும் துணிவு பிற கருமங்களிலும் உடன்வரும். ஆண்மக்களுக்கு நாம் உவந்தளித்த இப்பயிற்சியைப் பெண்மக்களுக்கு மறுத்தல் நீதியன்று.