பொன்னேரி ரயில் ஏன் பாடுகிறது?

கூனங்குப்பம், அரங்கங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைகளே, வாருங்கள்! பழவேற்காடு ஏரியைப் பார்த்திராத பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இன்றைக்கு ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசலாம்.

பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரி போய், அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போயிருப்பாய். மும்முனை மோட்டார் பொருத்திய புது ரயில் கிளம்பும்போது காது கொடுத்துக் கேட்டிருக்கிறாயா? பெட்டிக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும். வேகம் கூடக் கூட அந்தச் சுருதி மாறும். அது சக்கரம் உரசும் ஓசை இல்லை. ஹாரனும் இல்லை. 'அப்படியென்றால் பாடுவது யார்?' என்று உனக்குள் ஒரு கேள்வி எழுந்திருந்தால், சபாஷ் கண்ணு! அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய அறிவியலே இருக்கிறது.

முதலில் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று பார்ப்போம்.

1820-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். கம்பியில் மின்சாரம் ஓடியபோது, பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்பியது. மின்சாரம் ஓடும் கம்பி காந்தம்போல நடந்துகொள்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. மறு ஆண்டே லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் ஓடும் கம்பியை ஒரு காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரச் செய்துவிட்டார். உலகத்தின் முதல் மோட்டார் அதுதான் என்று சொல்லலாம். எந்த வேலைக்கும் உதவாத குட்டி மோட்டார். ஆனாலும் அது சுற்றியது!

ஓர்ஸ்டெட் செய்ததை நீயும் செய்யலாம். ஒரு டார்ச் பேட்டரி, கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு திசைகாட்டி போதும். கம்பியை முள் நிற்கும் திசையிலேயே திசைகாட்டிக்கு மேலே பிடித்து, இரண்டு முனைகளையும் பேட்டரியில் தொடு. முள் திரும்பும். ஒன்றிரண்டு நொடிக்கு மேல் தொட வேண்டாம், கம்பி சுடும். வீட்டு பிளக்கில் மட்டும் எதையும் செருகிப் பார்க்கவே கூடாது. சரியா?

இப்போது ஒரு வட்டமான இரும்புக் கூட்டின் உள்சுவரில் மூன்று கம்பிச் சுருள்களை இடைவெளி விட்டுப் பொருத்தியிருப்பதாக நினைத்துக்கொள். முதல் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அந்தப் பக்கம் காந்தமாகும். அது தளரும்போது இரண்டாவது சுருள் பலமாகும். பிறகு மூன்றாவது. மறுபடி முதலாவது. சுருள்கள் அசையவே இல்லை. ஆனால் காந்தப் புலம் மட்டும் கூட்டுக்குள்ளே சுற்றி வருகிறது! நடுவில் ஓர் உலோக உருளையை வைத்தால், அந்தப் புலம் அதற்குள் மின்சாரத்தைத் தூண்டி, அதையும் காந்தமாக்கித் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். மூன்று சுருள்களுக்கும் இப்படி முறைவைத்து வரும் மின்சாரம்தான் மும்முனை மின்சாரம். இந்த மோட்டாருக்குத் தூண்டல் மோட்டார் என்று பெயர். நிகோலா டெஸ்லா இதற்கு 1888-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார்.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு முறை படி. அவசரமே இல்லை.

பொன்னேரிப் பக்கம் வயல்களில் கிணற்று மோட்டார் பார்த்திருப்பாய். அதன் உடம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், தொடாமல் படித்துப் பார். பல மோட்டார்களில் 1440 ஆர்.பி.எம். என்றோ அதை ஒட்டியோ எழுதியிருக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று. அது என்ன 1440?

கணக்குப் போடுவோம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. வல்லூர் அனல்மின் நிலையமானாலும் கல்பாக்கம் அணுமின் நிலையமானாலும் இந்த 50 மாறாது. நிமிடத்துக்கு 60 நொடி. 50-ஐ 60-ஆல் பெருக்கினால் 3000. காந்தத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டே துருவம் இருந்தால் புலம் நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும். சுருள்களை நான்கு துருவங்கள் வரும்படி சுற்றியிருந்தால் காந்தப் புலம் பாதி வேகத்தில், 1500 சுற்று சுற்றும். உருளை அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி 1440 சுற்றுகிறது. பின்தங்கித்தான் ஆக வேண்டும். புலமும் உருளையும் ஒரே வேகத்தில் போனால் உருளையின் கண்ணுக்குப் புலம் நின்றுவிட்டதுபோல ஆகிவிடும். மாறாத புலம் மின்சாரத்தைத் தூண்டாது. மின்சாரம் இல்லையென்றால் இழுப்பும் இல்லை.

இங்கேதான் சிக்கல் வருகிறது. கிணற்று மோட்டாருக்கு ஒரே வேகம் போதும். ரயிலுக்கு அது போதுமா? பொன்னேரியில் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். அனுப்பம்பட்டில் நிற்க வேண்டும். மீஞ்சூரில் மறுபடி நிற்க வேண்டும். அதனால் ரயில்காரர்கள் வெகுகாலம் வேறு வகை மோட்டாரையே நம்பியிருந்தார்கள். அது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில் சுற்றும் டி.சி. மோட்டார். வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றி வேகத்தைக் கூட்டுவார்கள். படிக்குப் படி ஒரு குலுக்கல்! அதற்குள் உரசிக்கொண்டே இருக்கும் கார்பன் கட்டைகள் தேய்ந்துபோகும், மாற்ற வேண்டும்.

தூண்டல் மோட்டாரில் தேய்கிற கட்டை இல்லை. ஆனால் அதன் வேகத்தை மாற்ற வேண்டுமானால் அந்த 50-ஐயே மாற்ற வேண்டும். நொடிக்கு 1, 2, 10, 80 என்று நமக்கு வேண்டிய மின்சாரத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். எப்படிச் செய்வது?

அப்பா ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளுவதை நினைத்துப் பார். கழியைச் சேற்றில் ஊன்றி ஒரு தள்ளு. பிறகு எடுக்கிறார். மறுபடி ஊன்றி ஒரு தள்ளு. தள்ளுவது விட்டு விட்டுத்தான். ஆனால் படகு விட்டு விட்டா போகிறது? இல்லையே, சீராகப் போகிறது! படகு கனமானது, அதனால் ஒவ்வொரு தள்ளுக்கும் குலுங்காது. நீளமாக அழுத்தித் தள்ளினால் வேகமாகப் போகும். லேசாகத் தொட்டு எடுத்தால் மெதுவாகப் போகும்.

ரயிலுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கழிக்குப் பதில் சுவிட்ச். படகின் கனத்துக்குப் பதில், மோட்டாரின் கம்பிச் சுருள். சுருளில் மின்னோட்டம் சட்டென்று ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சுவிட்ச் நொடிக்குப் பல நூறு முறை, சிலவற்றில் ஆயிரம் முறைக்கு மேலும், திறந்து மூடுகிறது. மூடியிருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் மின்னோட்டம் மெல்ல ஏறும். குறைத்தால் மெல்ல இறங்கும். பிறகு எதிர்ப்பக்கம் தள்ளு. முன்னும் பின்னும் போய் வரும் மின்சாரம் தயார்! எத்தனை வேகத்தில் போய் வர வேண்டும் என்பதும் நம் கையில்.

ரயிலின் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று இப்போது உனக்கே தெரிந்திருக்குமே! அந்தத் துடிப்புகள் மோட்டாரின் இரும்பையும் கம்பியையும் மெல்ல அதிர வைக்கின்றன. நொடிக்குச் சில நூறு அதிர்வு என்றால் அது நம் காது கேட்கும் சத்தம்தான். துடிப்பின் முறை மாறும்போது சுருதி மாறுகிறது.

ரயிலுக்கு மின்சாரம் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் அதை ஏறக்குறைய ஆயிரம் வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. கன்வெர்ட்டர் அதை ஒரே திசையில் ஓடும் டி.சி. ஆக்குகிறது. இன்வெர்ட்டர் அந்த டி.சி.யை வேண்டிய வேகத்தில் மும்முனை மின்சாரமாக மாற்றி மோட்டாருக்குத் தருகிறது. வேகத்தைக் குறைக்கும்போது வோல்ட்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பால் அத்தனை காந்தத்தைத் தாங்க முடியாது, மின்னோட்டம் எகிறிச் சுருள் கருகிவிடும். இந்த ரயில் பெட்டிகளைக் கட்டி, மோட்டாரைப் பொருத்தி ஓட வைக்கும் தொழிற்சாலை நம் சென்னை பெரம்பூரிலேயே இருக்கிறது. 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். அதுதான். முதல் வந்தே பாரத் ரயிலும் 2018-இல் அங்கேதான் உருவானது.

மோட்டாரைவிட அந்தச் சுவிட்சைத்தான் நான் பெரிய அதிசயம் என்பேன். ஆயிரம் வோல்ட்டை, நூற்றுக்கணக்கான ஆம்பியரை, கண் இமைக்கும் நேரத்தில் பல முறை வெட்டி ஒட்ட வேண்டும். விரலால் தட்டும் சுவிட்சால் முடியுமா? கொஞ்ச நேரத்திலேயே தீய்ந்துபோகும். 1957-இல் தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சுவிட்ச் வந்தது. அதை மூடுவது சுலபம், நினைத்த நேரத்தில் திறப்பதுதான் கஷ்டம். டிரான்சிஸ்டர் என்ற வேறு ஒரு வகைச் சுவிட்ச் சொன்னபடி கேட்டது, ஆனால் பெரிய மின்சாரத்தைத் தாங்கவில்லை.

இரண்டின் நல்ல குணத்தையும் ஒரே துண்டு சிலிக்கானில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெயந்த் பாலிகா. அவர் 1948-இல் பிறந்தது எங்கே தெரியுமா? சென்னையில்! ஐ.ஐ.டி. மெட்ராஸில் மின்பொறியியல் படித்து 1969-இல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா போய், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை உருவாக்கினார். அதே காலத்தில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தாரும் இதை மேம்படுத்தினார்கள். 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு பாலிகாவுக்குக் கிடைத்தது. அடுத்த முறை ரயிலின் பாட்டைக் கேட்கும்போது அவரையும் நினைத்துக்கொள்.

இன்னும் ஒரு சங்கதி பாக்கி. சுவிட்சை எப்போது மூடு, எப்போது திற என்று சொல்வது யார்? ஒரு சின்னக் கணினி. ஆனால் மோட்டாருக்குள் காந்தம் இந்த நொடியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது எட்டிப் பார்க்க முடியாது. கலங்கிய தண்ணீரில் அப்பாவுக்கு ஏரித் தரை தெரிகிறதா? கழியில் கைக்குத் தட்டுப்படுவதை வைத்தே, இங்கே சேறு, இங்கே மணல் என்று சொல்லிவிடுகிறாரே! கணினியும் அப்படித்தான். மோட்டாரின் சமன்பாடுகளைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறது. 'மின்னோட்டம் இவ்வளவு என்றால் உள்ளே காந்தம் இப்படி இருக்க வேண்டும்' என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கணக்குப் போடுகிறது. பொறியாளர்கள் இந்தச் சமன்பாட்டுத் தொகுப்பை 'மாதிரி' என்பார்கள்.

அந்தக் கணக்கு கையில் இருந்தால் இன்னொன்றும் முடியும். மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு காந்தத்தை உண்டாக்குகிறது. இன்னொரு பங்கு சக்கரத்தைத் திருப்புகிறது. இந்த இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக ஆளும் வழியை ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே 1970-களின் தொடக்கத்தில் காட்டினார். நின்ற இடத்திலிருந்தே ரயில் குலுங்காமல் முழுப் பலத்தோடு இழுப்பதற்கு இந்த வழி பெரிதும் உதவுகிறது. ரயிலை நிறுத்தும்போது இன்னொரு வேடிக்கை. காந்தப் புலத்தை மோட்டாரின் உருளையைவிட மெதுவாகச் சுற்றவிட்டால், மோட்டார் ஜெனரேட்டராகிவிடும்! ரயில் வேகம் குறையும், மின்சாரம் மேலே கம்பிக்குத் திரும்பிப் போகும். மீஞ்சூரில் நிற்க வரும் ரயில் தரும் மின்சாரம், அதே நேரம் பக்கத்தில் கிளம்பும் ரயிலுக்கு உதவலாம்.

வீட்டுக்குள்ளும் இந்த இன்வெர்ட்டர் வந்துவிட்டது. ரிமோட் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் பார்த்திருக்கிறாயா? அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி இன்வெர்ட்டர் உண்டு. சுற்றும் பாகத்தில் நிலையான காந்தங்களை ஒட்டியிருப்பதால் காந்தம் உண்டாக்கத் தனியாக மின்சாரம் செலவழிக்க வேண்டாம். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டியே எடுக்கிறது.

அப்படியானால் நம் ஊர்ப் படகில் எஞ்சினுக்குப் பதில் மின்மோட்டாரை மாட்டலாமா? கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே வேம்பநாட்டு ஏரியில் 2017 ஜனவரியிலிருந்து 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய ஒளிப் படகு 'ஆதித்யா' ஓடுகிறது. ஆகவே முடியும். ஆனால் கடலுக்குள் வெகுதூரம் போகிற படகுக்கு இன்னும் கஷ்டம்தான். ஒரு கிலோ பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் அடங்காது. மோட்டார் எஞ்சினைவிட வீணடிப்பது குறைவு என்றாலும் இந்த இடைவெளி பெரியது. உப்புக்காற்று வேறு சுவிட்ச் அட்டைகளை அரிக்கும். தண்ணீர் புகாத பெட்டியில் அவற்றை அடைத்து வைக்க வேண்டும்.

ஏரிக்குள்ளேயே போய் வரும் படகு என்றால் கணக்கு வேறு. 5 கிலோவாட் மோட்டார் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 10 யூனிட், அதாவது 10 கிலோவாட்-மணி ஆகும். ஒரு கிலோ பேட்டரி 150 வாட்-மணி தரும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 67 கிலோ பேட்டரி வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பெரிய ஆளின் எடை. உங்கள் படகு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று அப்பாவிடம் கேள். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். மீதிக் கணக்கை நீயே போட்டுவிடுவாய்.