மண்ணுக்கேற்ற மனை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவும் உடையும் தனி ஒருவர்க்குப் பயன்படுவன. உறையுளோ குடும்பத்திற்கும் தெருவிற்கும் ஊருக்கும் ஒருங்கே உரியது. ஒருவன் உண்பதைப் பிறர் காணாதிருத்தல் கூடும். அவன் கட்டிய வீட்டை ஊரார் நாள்தோறும் காண்பர். அவன் மறைந்த பின்னரும் அவ்வீடு நின்று, அவன் வாழ்ந்த வாழ்வினை உரைக்கும். ஆதலின் கட்டடம் என்பது வெறும் சுவரும் கூரையும் அன்று. ஓர் ஊரின் வெயிலையும் மழையையும், அவ்வூரார் தொழிலையும் ஒழுகலாற்றையும் ஒருங்கே காட்டும் கண்ணாடி அது. இவ்வுண்மையை நன்கு விளக்குவன செட்டிநாட்டு வீடுகள்.

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அமைந்த எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களின் தொகுதியாகும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி முதலியன அவற்றுட் சில. இந்நிலம் வறண்டது; வெயில் கடுமை உடையது; மழையோ ஆண்டிற் சில திங்களே பெய்வது. இங்கு வாழ்ந்த நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று, வாணிகத்தாலும் கொடுக்கல் வாங்கலாலும் பெரும்பொருள் ஈட்டினர். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் அவர்கள் தத்தம் ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளை எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் அவ்வீடுகளுக்குக் கப்பலேறி வந்தன. ஆயினும் வீட்டின் அமைப்பு எங்கிருந்தும் வந்ததன்று. பொருள் கடல் கடந்து வந்தது. அமைப்போ அம்மண்ணிலேயே பிறந்தது.

அவ்வமைப்பினைச் சிறிது நோக்குவோம். பெரிய வீடுகளின் மனை, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீண்டிருக்கும். தலைவாயிலில் நிற்பவர், வாயில்கள் பல ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருத்தலைக் காணலாம். முதலில் இருப்பது திண்ணை. வாணிகம் பற்றிய பேச்சு நிகழ்ந்ததும், கணக்கர் அமர்ந்து எழுதியதும், வழிப்போக்கர் இளைப்பாறியதும் அங்கேதான். அதனைக் கடந்து உட்சென்றால் வானம் பார்த்த முற்றமும், அதன் நாற்புறமும் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டிய அறைகளும் காட்சி தரும். இப்பகுதிக்கு வளவு என்று பெயர். அதற்கு அப்பால் உள்ள கட்டுகள் உண்பதற்கும், தானியம் காயவைப்பதற்கும், சமையலுக்கும் உரியன.

வளவில் உள்ள அறைகள் ஒரு சமுதாய வழக்கத்தை உணர்த்துகின்றன. நகரத்தார் குடும்பத்தில் மகனுக்குத் திருமணம் ஆனபின் அவனைத் தனியே சமைத்து உண்ணுமாறு விடுவர். இதனை 'வேறு வைத்தல்' என்பர். அங்ஙனம் வேறு வைக்கப்பட்டவர் வீட்டை விட்டு நீங்குவதில்லை. வளவிலே அவருக்கென ஓர் அறை உண்டு. அடுப்பு வேறாயினும் முற்றம் ஒன்றே. தனிவாழ்வும் கூட்டுவாழ்வும் ஒரு கூரையின்கீழ்ப் பொருந்தி நிற்றற்கு அவ்வீட்டின் அமைப்பே துணைசெய்தது.

இனி, வெயிலை அவ்வீடு வெல்லும் திறத்தைக் காண்போம். சூடான காற்று மேலெழும் இயல்புடையது. அது முற்றத்தின் வழியே வெளியேற, வாயில்களின் வழியே புதுக்காற்று உள்ளே புகும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்களைப் பகல் வெப்பம் எளிதில் ஊடுருவாது. கூரையில் நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பர். ஓடுகளின் இடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். சுவர்ப்பூச்சிற்குச் சுண்ணாம்புடன் மணல், கடுக்காய், வெல்லம், முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி மெருகிட்டனர். அச்சுவர்கள் தொடுவதற்குக் குளிர்ச்சியாகவும் கண்ணாடி போல் வழவழப்பாகவும் இருக்கும்.

தரையிலும் உள்ளூர்க் கைத்திறன் விளங்குகின்றது. ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கற்களுக்குச் சூளை வேண்டுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் பூ வடிவமான உலோகச் சட்டத்தை வைத்து, அதன் பிரிவுகளில் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுவர். பின்னர் அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு இறுக்கி, உலர்த்தி, நீரில் ஊறவைப்பர். கண்ணாடியை நீக்கியதும் அதன் வழவழப்புக் கல்லின் முகத்தில் தங்கியிருக்கும். நாள்தோறும் காலடி படப்பட இக்கற்களின் ஒளி மிகும்.

மழை அரிதாகிய நாட்டில் மழைநீரை வீணே போக்குதல் அறியாமையன்றோ? கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருத்தலின், பெய்த நீர் அங்கே வந்து விழும். அதனை அண்டாக்களில் பிடித்து வைத்துப் பயன்படுத்துவர். எஞ்சிய நீர் கால்வாய்களின் வழியே ஊருணியை அடையும். ஊரார் உண்ணும் நீர்நிலை ஆதலின் அஃது ஊருணி எனப் பெயர் பெற்றது. இவ்வாறு தனி ஒருவரின் கூரைக்கும் ஊர்ப் பொதுவிடத்திற்கும் தொடர்பு இருந்தது. வீடு கட்டியவர் தம் நலனை எண்ணியபோதே ஊரின் நலனையும் எண்ணினர் என்பது இதனாற் புலப்படும்.

இத்தகைய வீடுகள் பல அழிந்துவிட்டன. இரண்டாம் உலகப் போர் 1941ஆம் ஆண்டின் இறுதியில் பர்மாவை எட்டியது. அங்கு ஈட்டிய பொருளைப் பலர் இழந்தனர். வழித்தோன்றல்கள் நகரங்களில் குடியேறினர். ஒரு வீட்டிற்கு உரியவர் பலரானமையால் பழுதுபார்ப்பார் இலராயினர். சில வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் எடைக்கும் விலைக்கும் போயின. ஒரு தேக்குத்தூணை விலைக்கு விற்கலாம். அது தாங்கி நின்ற தாழ்வாரத்தின் நிழலை விற்க இயலுமோ? செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. இஃது அவ்வூர்களின் சிறப்பைப் பலரும் உணர்ந்ததற்குச் சான்றாகும்.

"இவையெல்லாம் செல்வர் வீடுகள், ஏழைக்கு இவற்றால் என்ன பயன்?" என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. இதற்கு விடை கூறுவது லாரி பேக்கர் என்பவரின் வாழ்க்கை. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிற் பிறந்த இவர், 1945இல் தொழுநோயாளர்க்கு இல்லம் அமைக்கும் பணியின்பொருட்டு இந்தியாவிற்கு வந்தார். வீடு கட்டுதற்கு வேண்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்திற் பதிந்தது. பின்னாளில் திருவனந்தபுரத்தில் தங்கி, எளியோர்க்கும் நிறுவனங்களுக்கும் கட்டடங்கள் பல அமைத்தார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். அதனால் செங்கற் செலவும் குறைந்தது, வெப்பமும் தடைப்பட்டது. பலகணிக்குப் பதிலாகச் செங்கற்களிடையே துளைகள் விட்டுக் காற்றையும் ஒளியையும் உள்ளே வரச்செய்தார். பழைய ஓடுகளைத் தளத்தினுள் பதித்துச் சிமெண்டின் அளவைக் குறைத்தார். மனையில் நின்ற மரத்தை வெட்டாது, மரத்திற்கேற்பச் சுவரை வளைத்தார். அந்நகரில் வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு அவர் அமைத்த கட்டடங்கள் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 2007இல் மறைந்தார்.

செட்டிநாட்டார் செல்வர், பேக்கர் சிக்கனத்தைப் போற்றியவர். எனினும் இருசாரார் கட்டடங்களும் வெயிலையும் காற்றையும் மழையையும் கேட்டறிந்து எழுந்தவை. ஆகவே, மண்ணுக்கேற்ற மனை என்பது பணத்தால் அமைவதன்று, கருத்தால் அமைவது. அது பழமையைக் கண்மூடிப் பின்பற்றுவதும் அன்று. புதிய பேருந்து நிலையத்தின் முகப்பில் கோபுர வடிவத்தைச் சுதையால் ஒட்டிவிட்டால் அது தமிழ்நாட்டுக் கட்டடம் ஆகிவிடாது. நண்பகலில் அங்கே காத்திருக்கும் கிழவிக்கு நிழலும், அமர்வதற்குத் திண்ணையும் கிடைக்குமாயின், அதுவே இம்மண்ணுக்குரிய கட்டடமாகும்.

ஒரு பள்ளியோ நூலகமோ சந்தையோ எழும்போது ஊரார் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. காற்று எத்திசையிலிருந்து வருகின்றது? பெய்யும் மழை எங்கே செல்லும்? அருகில் கிடைக்கும் கல்லும் மண்ணும் யாவை? முதியோர் அமர்வதற்கும் சிறுவர் ஆடுவதற்கும் இடம் எங்கே? இவ்வினாக்களுக்கு விடை கண்டு எழுப்பும் கட்டடம், அயலாரின் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதோடு, அவ்வூரார்க்குத் தம் வீடு போலவும் விளங்கும்.