குதிர் காக்கும் பூனை

விருத்தாசலத்தில் களிமண் சூளையேறிப் பீங்கானாகிறது. மெருகேறிய பீங்கானில் எலிப்பல் வழுக்கும், சாக்கில் வழுக்காது. ஊரைச் சுற்றிய சிற்றூர்களிலோ நெல்லும் நிலக்கடலையும் சாக்கில்தான் அடுக்கப்படுகின்றன. வி.ஆர்.ஐ. என்னும் முன்னெழுத்துடைய நிலக்கடலை வகைகளை உருவாக்கித் தந்த மண்டல ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில்தான் உள்ளது. விளைச்சலைப் பெருக்கும் அறிவு இங்கு உண்டு. விளைந்ததைக் காக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் பூனையிடம் விட்டுவிடுகிறோம்.

எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்வது. கறண்டிக் கறண்டித்தான் அது தேயவேண்டும். வயலில் வரப்பெலி கதிரைக் கொய்து வளைக்குள் சேர்க்கிறது. கூரையில் வீட்டெலி, வைக்கோற்போரில் சுண்டெலி, கிடங்கின் அடிமானத்தில் பெருச்சாளி என இடத்துக்கு ஓர் இனம் வாழ்கிறது. வரப்பெலியின் கருக்காலம் ஏறத்தாழ 3 வாரமே. பிடிபடுவதைவிடப் பிறப்பது மிகுதி என்பதை மறந்தால் இச்சிக்கல் விளங்காது.

பூனை வந்தால் எலி ஒழியும் என்பதில் பாதி மெய் உண்டு. சுண்டெலியின் எடை 20 கிராம் அளவு. முற்றிய பெருச்சாளி ஒரு கிலோவை நெருங்கும். 3, 4 கிலோ எடையுள்ள பூனை, சீறிக் கடிக்கும் பெருச்சாளியோடு பொருத விரும்புவதில்லை. சிறியதையும் இளையதையுமே தேர்ந்து வேட்டையாடும். நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் எலிகளையும் பூனைகளையும் 79 நாள் கண்காணித்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. அந்நாள்களில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே. பூனைகள் நடமாடிய நாள்களில் எலிகள் வெளிவருவதைக் குறைத்துக்கொண்டன. எலி கண்ணில் படுவதுதான் குறைந்தது. காண்பவர் எலியே குறைந்ததாக நம்பிவிடுகிறார். நம் ஊர்ப் பூனைகளின் புகழில் ஒரு பங்கு இப்படி வந்ததாகவே இருக்கும்.

அப்படியாயின் பூனை பயனற்றதா? இங்கிலாந்தின் சூழலியல் அறிஞர் சார்லசு எல்டன் பண்ணைகளில் ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட முடிவு இங்கே வழிகாட்டுகிறது. எலி குடியேறிவிட்ட பண்ணையைப் பூனையால் தூய்மை செய்ய இயலவில்லை. எலிகளை முதலில் ஒழித்துவிட்டுப் பூனைகளை வைத்து, அவற்றுக்கு நாள்தோறும் பாலும் அளித்த பண்ணைகளில் கட்டடங்களை ஒட்டிய சிறு வளையத்துள் எலி மீண்டும் குடியேறவில்லை. பூனை காவலாளி, படைத்தலைவன் அன்று.

பாலூட்டினால் பூனை சோம்பிவிடும் என்று பட்டினி போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பிழையான வழக்கம். வேட்டை உணர்வும் பசியும் பூனையின் மூளையில் தனித்தனியே இயங்குபவை. தட்டில் விருப்பமான உணவு இருக்கையிலேயே எழுந்து எலியைக் கொன்றுவிட்டு, மீண்டும் தட்டுக்கே திரும்பிய பூனைகளை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். பட்டினி கிடக்கும் பூனை குதிரடியில் அமராது. அடுத்த வீட்டுக் கோழிக்குஞ்சைத் தேடிப் போய்விடும்.

வயல் பூனைக்கு உரிய களமன்று. அங்கே கூகையும் சாரையும் வேட்டையாடட்டும். கூகை அமர நடவு வயலில் பறவை தாங்கிகளை நடுவது செலவில்லாத வழி. மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறியும் நன்றாக வேலை செய்யும். இருளர்கள் மண்பானையில் வைக்கோல் புகை மூட்டி, அதை வாயால் ஊதி வளைக்குள் செலுத்தி எலி பிடித்தவர்கள். கையையும் நுரையீரலையும் சுட்ட அத்தொழிலுக்குப் பின்னாளில் கையால் சுழற்றும் இரும்புப் புகைக்கருவி வந்தது. அவர்களின் அறிவை வேளாண்துறை இன்னும் முழுதாகப் பயன்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

பூனையாலும் இடர் உண்டு. டாக்சோபிளாசுமா என்னும் ஒற்றைக்கல உயிரி பூனையினத்தின் குடலில்தான் தன் பாலினப் பெருக்கத்தை நிகழ்த்துகிறது. அது தொற்றிய எலி பூனையின் நெடிக்கு அஞ்சுவதை இழக்கிறது. தன்னைச் சுமக்கும் எலியைப் பூனையின் வாய்க்கே அது அனுப்பிவிடுகிறது! அவ்வுயிரி கழிவின் வழியே மனிதருக்கும் பரவுவதால் கருவுற்ற பெண்கள் பூனைக் கழிவை அள்ளலாகாது. அது தானியத்தில் கலக்கவும் விடலாகாது. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் பூனைக்குத் தேவை.

எனவே செய்யவேண்டிய வரிசை தலைகீழாகாமல் இருக்கட்டும். சிந்திய மணியைக் கூட்டுங்கள். சாக்கைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். வளைகளை அடைத்துக் கிட்டி வையுங்கள். பூனைக்குட்டியை அதன்பின் கொண்டுவாருங்கள். அது வந்தபின் புரோமடயலோன் என்னும் எலிநஞ்சு கலந்த இரையைக் கிடங்கில் வைக்காதீர்கள். அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்நஞ்சு ஏறும்.