வாயில்லா ஜீவன் சொல்லும் சேதி

எங்கள் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்கிறோம். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் 'இங்கே வலிக்குது' என்று சொல்லத் தெரியாது. நடத்தைதான் அவற்றின் மொழி. செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வருகிற நாய் இன்று வரவில்லையா? 'கொழுப்பு ஏறிப் போச்சு' என்று திட்டாதீர்கள்.

மதுரையில் சித்திரை வெயிலுக்கு நாய் சுருண்டு படுப்பது சகஜம்தான். பொழுது சாய்ந்த பிறகும் எழாமல், சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஆண் பூனை மூத்திரத்துக்கு உட்கார்ந்து முக்கி, சொட்டுகூட வராமல் கத்துகிறதா? மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். மூத்திரப் பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நமக்குப் போடுகிற பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதையும் கொடுக்க வேண்டாம்.

இவற்றைவிட, வீட்டு மனிதர்களுக்கே ஆபத்தானது வெறிநோய். வெறிநாய் என்றால் கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். அமைதியான வகை ஒன்றும் உண்டு. நம்மை ஏமாற்றுவது அதுதான். நாய் கட்டிலுக்கு அடியில் போய் இருட்டில் ஒதுங்கும். குரல் மாறும். தாடை தொங்கி எச்சில் ஒழுகும். விழுங்க முடியாமல் திணறும். 'தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல' என்று பரிதாபப்பட்டு வாய்க்குள் கையை விடுவார்கள். கடிக்கவே வேண்டாம், விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும், எச்சில் வழியே கிருமி ஏறிவிடும்.

'தண்ணி குடிக்குதே டாக்டர், வெறி இருக்காது' என்பார்கள். தண்ணீரைக் கண்டு மிரளுவது நோய் கண்ட மனிதனுக்குத்தான். நாய்க்கு அந்த பயம் கிடையாது.

கடியோ கீறலோ பட்டால் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: நாய்க்கடிக்குப் பச்சிலை கேட்டு என்னிடம் வராதீர்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் எந்த மருத்துவத்திலும் பிழைப்பது அரிதிலும் அரிது. அதற்கு முன்னால் போட்டுக்கொள்கிற ஊசிதான் காப்பாற்றும்.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை நினைத்து இன்றும் சிலர் நடுங்குகிறார்கள். அந்தப் பழைய மருந்து 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது கையில் நாலைந்து தவணைதான். நம்மூர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்கிற ராஜாஜி மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது சரி. அதற்காக ஊசியைப் பத்து நாள் தள்ளிப் போடக் கூடாது.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனத்துக்கு 'இதெல்லாம் எதுக்கு' என்று விட்டுவிடாதீர்கள். தெருவில் சுற்றிவிட்டு வருகிற நாய்க்குத்தான் முதலில் போட வேண்டும். தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கூட்டிப் போகும்போது என்றைக்கிலிருந்து சாப்பிடவில்லை, எங்கே போய்ப் படுக்கிறது, யாரை நக்கியது என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.