மலைப்பாதை ஜீப்பும் பட்டறையில் பிறக்கும் பாகங்களும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலை அடுத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சூரியநெல்லி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இங்கிருந்து ஏறிச் செல்லும் கற்பாதை ஒன்று கொழுக்குமலையை அடைகிறது. கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் வண்டியில் அங்கு செல்ல விரும்புவோர் கேரளத்துச் சூரியநெல்லியின் வழியாகவே செல்லவேண்டும்; தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியிலிருந்து ஏறுவது காலடிப் பாதை. சூரியநெல்லிப் பாதையிலும் கற்கள் துருத்தி நிற்கின்றன. மழைநீர் அறுத்த பள்ளங்கள் குறுக்கிடுகின்றன. சாதாரண மோட்டார் காருக்கு இங்கு வேலையில்லை. நான்கு சக்கரங்களுக்கும் யந்திரத்தின் விசை செல்லும் ஜீப்பே இப்பாதைக்கு உரிய வாகனம்.

இத்தகைய மலையூர்களில் ஓடும் ஜீப்புகளுள் பல வயது முதிர்ந்தவை. அவற்றைச் செய்த தொழிற்சாலை அம்மாதிரியை எப்பொழுதோ நிறுத்திவிட்டிருக்கும். ஆகவே தேய்ந்த பாகத்திற்கு மாற்றுப் பாகம் தேடும் உரிமையாளர், கடைத்தெருவில் பிறர் செய்து விற்கும் பாகத்தை வாங்குகிறார். அதுவும் கிட்டாதபோது தம் வீட்டுப் பின்புறக் கொட்டகையிலேயே இரும்புத் தகட்டை அறுத்து, துளையிட்டு, வெல்டிங் வைத்துப் பாகத்தைச் செய்துகொள்கிறார். முதல் வகையைப் பட்டறைக்காரர்கள் ‘லோக்கல் சாமான்’ என்பர். தொழிற்சாலையிலிருந்து வருவது ‘கம்பெனி சாமான்’. இரண்டாம் வகைக்குத் தனிப்பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தப் பெயரில்லாத பாகத்தைப் பற்றியதே இக்கட்டுரை. மலையூர்களில் பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வண்டிகளில் நாள்தோறும் ஏறிச் செல்கின்றனராதலின், இது அவர்களுக்கு அயலான விஷயமன்று.

ஜீப்பின் பிறப்பே மாற்றங்களின் வரலாறு எனலாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல், அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் இதனைப் பெருமளவில் படைகளுக்குச் செய்தளித்தது. 1945இல் இந்தியாவில் தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டி விற்கலாயிற்று. 1953இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே. 3பி என்னும் மாதிரியின் முன்மூடி முந்தியவற்றைவிட உயர்ந்து நிற்பதைக் காணலாம். காரணம் எளிது: புதிய யந்திரம் பழையதைவிட உயரமானது, பழைய மூடியின்கீழ் அது அடங்கவில்லை, ஆகவே மூடியை உயர்த்தினர். இந்த உயர்ந்த மூக்குடைய ஜீப்பே பின்னர் இந்தியாவில் பல்லாண்டு காலம் செய்யப்பட்டது. 1980களில் பெஜோ வடிவமைப்பில் அமைந்த டீசல் யந்திரமும் மகிந்திரா ஜீப்புகளில் இடம்பெற்றது. ஒரு யந்திரத்தை எடுத்து மற்றொன்றைப் பொருத்துதல் தொழிற்சாலையும் செய்த வேலையே. எனின் தொழிற்சாலை அதனைக் கணக்கிட்டுச் செய்கிறது. சோதனைப் பாதையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறது. கொட்டகையில் செய்பவருக்கு முதல் சோதனைப் பாதை கொழுக்குமலைப் பாதையே. அதில் பிரயாணிகளும் அமர்ந்திருப்பர்.

யந்திரத்தைச் சட்டத்துடன் இணைக்கும் தாங்கியை முதலில் எடுத்துக்கொள்வோம். பட்டறையில் இதனை ‘எஞ்சின் மவுண்டிங் பிராக்கெட்’ என்பர். பார்ப்பதற்கு வளைத்த தகடும் நான்கு துளைகளுமே. யந்திரத்தின் எடையைத் தாங்கினால் போதும் என்று நினைத்தே பெரும்பாலோர் இதனைச் செய்கின்றனர். உண்மையில் எடையைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. யந்திரம் சக்கரங்களை ஒருபுறமாக முறுக்கும்பொழுது, தான் எதிர்ப்புறமாக முறுக்கப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. யந்திரத்தின் முறுக்கம் 15 கிலோகிராம்-மீட்டர் எனக் கொள்வோம். அதாவது, ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் 15 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற்போன்ற முறுக்கம். பழைய ஜீப்பின் முதல் கியர் இதனைச் சுமார் 2.8 மடங்காக்குகிறது. மேட்டில் ஏற இடும் தாழ்ந்த கியர் மேலும் சுமார் 2.5 மடங்காக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஏழு மடங்கு. முறுக்கம் 105 கிலோகிராம்-மீட்டர் ஆகிவிடுகிறது. யந்திரமும் கியர் பெட்டியும் ஒரே தொகுதியாக இணைந்திருப்பதால் இதன் எதிர்முறுக்கம் முழுவதும் தாங்கிகளின் மீதே விழும். வலப்புறத் தாங்கிக்கும் இடப்புறத் தாங்கிக்கும் இடையே அரை மீட்டர் இருப்பின், ஒன்று 210 கிலோகிராம் விசையால் கீழே அமுக்கப்படும். மற்றது அதே விசையால் மேலே பிடுங்கப்படும். சக்கரம் கல்லில் மோதி நின்று மீண்டும் பாயும் ஒவ்வொரு முறையும் இவ்விசை தோன்றி மறைகிறது.

இங்கே தகட்டின் கனம் முக்கியமாகிறது. தகட்டின் கனத்தை இரட்டித்தால் வளைவை எதிர்க்கும் பலம் இருமடங்காகும் என்று தோன்றும். உண்மையில் பலம் நான்கு மடங்காகிறது; விறைப்போ எட்டு மடங்காகிறது. ஒரு மரத்தாலான அடிக்கோலைப் படுக்கையாகப் பிடித்து வளைத்தும், பின்னர் விளிம்பு மேலாக நிறுத்தி வளைத்தும் மாணவர்கள் இதனை வகுப்பிலேயே உணரலாம். ஆகவே கனத்த தகடு வாங்க இயலாதவர், மெல்லிய தகட்டிலேயே வளைவின் உட்பக்கத்தில் ஒரு முக்கோணத் துண்டை நிறுத்திப் பற்றவைத்தால் பெரும்பயன் பெறுவார். செலவு ஒரு சாண் இரும்புதான். ஆயினும் கொட்டகைகளில் அதிகமாகக் காணக்கிடைப்பது இந்த முக்கோணமன்று. கண்ட இடமெல்லாம் தடிப்பாக வைத்த வெல்டிங்கே. வெல்டிங் தடித்திருந்தால் உறுதியிருக்கும் என்பது பரவலான, ஆனால் தவறான நம்பிக்கை. வெல்டிங்கின் ஓரத்தில், அது தகட்டைச் சந்திக்கும் வரியில்தான் விரிசல் பிறக்கிறது. அவ்விடத்தில் தகடு சற்றே அரிக்கப்பட்டுப் பள்ளமாயிருந்தால் விசை அங்கே குவிகிறது. ஒருமுறை இழுத்தால் முறியாத இரும்பு, அதனினும் குறைந்த விசையால் லட்சக்கணக்கான முறை அசைக்கப்படும்பொழுது முறிகிறது. இதனை உலோகக் களைப்பு என்பர். டீசல் யந்திரத்தில் இது விரைவில் நிகழலாம். பழைய பெட்ரோல் யந்திரத்தின் அழுத்த விகிதம் ஏழின் அளவினது. டீசலில் அது இருபதை ஒட்டியது. அதிர்வும் அதற்கேற்ப மிகும். தாங்கிக்கும் யந்திரத்திற்கும் இடையே ரப்பர் வைப்பது இதற்காகவே. ரப்பர் அடிக்கடி கிழிகிறது என்று சொல்லி அதற்குப் பதில் இரும்புக் கட்டையை வைத்தவர், விரிசலைத் தாங்கியிலிருந்து வண்டியின் சட்டத்திற்கு மாற்றிவிட்டார் என்பதே பொருள்.

தாங்கியைப் பூட்டும் போல்ட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோகிராம், இழுவையைத் தாங்கும் என்பதை முதல் எட்டு குறிக்கிறது. அதில் பத்தில் எட்டுப் பங்கு வரையில் நிலையாக நீளாது என்பதை அடுத்த எட்டு குறிக்கிறது. எண் இல்லாத போல்ட் கதவுக் கீலுக்கு உதவலாம்.

அடுத்து ஸ்பிரிங் பட்டை. அலுவலகப் பதிவேட்டில் இதனை ‘வில்தகடு’ என மொழிபெயர்த்து எழுதியவன் நான். எந்தப் பட்டறையிலும் அச்சொல்லை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. ‘பட்டை’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. பட்டை முறிந்தால் அதனைப் பற்றவைத்து மீண்டும் பூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது ஏன் கூடாது என்பதை நமது கிராமத்துக் கொல்லரிடமே கேட்டறியலாம். பழைய லாரிப் பட்டையை வாங்கி அவர் அரிவாள் அடிக்கிறார். சாதாரண இரும்பில் கரியின் அளவு நூற்றுக்குக் கால் பங்கையும் எட்டாது. பட்டையிலோ அரைப் பங்குக்கு மேல் உள்ளது. இத்தகைய எஃகைச் செஞ்சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும், அதே சமயம் நொறுங்கும் தன்மையும் பெறும் என்பது கொல்லர் அறிந்ததே. ஆகவே அவர் அதனை மீண்டும் மெல்லச் சூடாக்கிப் பதம் பார்க்கிறார். பட்டையைப் பற்றவைப்பவர் முதற்பகுதியை மட்டும் செய்துவிடுகிறார். வெல்டிங்கின் ஓரம் ஒரு நொடியில் செஞ்சூடாகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அச்சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் தோய்த்ததற்கு இது சமம். பதம் பார்க்கும் வேலை மட்டும் நடைபெறவில்லை. அப்பட்டை மீண்டும் முறியும். பெரும்பாலும் வெல்டிங்கிற்குச் சற்று அப்பால் முறியும்.

கற்களில் அடிபடாதிருக்க வண்டியை உயர்த்தும் ஆசையும் பலருக்கு உண்டு. பட்டையைத் தொங்கவிடும் ‘ஷேக்கிள்’ என்னும் இணைப்பை நீட்டமாகச் செய்து பூட்டுவது இதற்கு எளிய வழி. ஒரு நன்மையும் ஒரு தீமையும் இதில் சேர்ந்தே வருகின்றன. பழைய ஜீப்பின் இரு சக்கரங்களுக்கு இடையே சுமார் 122 சென்டிமீட்டர், பாதி 61. வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பக்கவாட்டில் 43 டிகிரி சாயும்வரை அது கவிழாது. மையத்தைப் பத்துச் சென்டிமீட்டர் உயர்த்தினால் இக்கோணம் 39 ஆகிறது. இது அசையாது நிற்கும் வண்டியின் கணக்கு. பின்புறத்தில் ஆறு பேர் அமர்ந்து, கூரைமேல் மூட்டையும் ஏறி, வண்டி வளைவில் திரும்பும்பொழுது, எஞ்சிய கோணம் இன்னும் எவ்வளவு சுருங்கும் என்பதை ஓட்டுநர் கணக்கிடுவதில்லை. பெரிய டயர் பூட்டுவோர் மற்றொன்றையும் இழக்கின்றனர். டயரின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால், அதே பிரேக் அழுத்தத்திற்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைகிறது.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு. இரண்டாயிரம் கிலோகிராம் எடையுள்ள ஜீப் 500 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி 30 டிகிரியிலுள்ள 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இரண்டு பெரிய குடங்கள் நிறையத் தண்ணீரை அடுப்பில் ஏற்றியதற்கு ஒப்பாகும் அது. இறங்கும்பொழுது தாழ்ந்த கியரில் யந்திரத்தையே தடையாகப் பயன்படுத்தாவிட்டால், இந்த உஷ்ணம் முழுவதும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் டிரம்களில் சேரும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாம் தர எண்ணெய், அதாவது டாட் 3, புதியதாயிருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி தோன்றும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதிகட்டை காலடியில் மெத்தென்று இறங்கும், வண்டி நிற்காது. பிரேக் குழாய், ஸ்டியரிங் கம்பி, அவற்றின் மூட்டுகள் ஆகியவற்றை எக்காரணத்தாலும் கொட்டகையில் செய்யலாகாது என்பது என் துணிபு. குளிர்பெட்டிக்கு உபயோகிக்கும் செப்புக்குழாயை வளைத்துப் பிரேக்குக்கு வைப்பதும் இதில் அடங்கும். செம்பு அதிர்வினால் நாளடைவில் இறுகி வெடிக்கும். கூரைச் சட்டம், தரைத்தகடு, பாட்டரிப் பெட்டி, ரேடியேட்டர் தாங்கி போன்றவற்றில் தாராளமாகக் கைவண்ணத்தைக் காட்டலாம்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறுமாதம் வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வண்டியின் முன்புறத்தில் கனத்த இரும்புக்குழாய் வேலி பூட்டுவதைத் தடுக்குமாறு மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிற்று. சட்டம் கடுமையானது என்று மலையூர் உரிமையாளர்கள் குறைகூறுவது இயல்பே; பாகம் கிடைக்காத வண்டியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது என்பதும் நியாயமான வினாவே. ஆனால் அதே வகைப் பாகத்தை அதே அளவில் செய்து தேய்ந்ததற்குப் பதிலாகப் பூட்டுவதும், வண்டியின் உருவத்தையும் யந்திரத்தையும் மாற்றுவதும் வேறு வேறு என்பதை மறக்கலாகாது. யந்திரத்தை மாற்ற எண்ணுவோர் முதலில் பதிவு அதிகாரியின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

செய்து பூட்டிய தாங்கியில் விரிசல் உண்டா என்று அறிய, பள்ளிக்கூடத்துப் பொருள்களே போதும். பண்டு ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க எண்ணெயும் வெண்பொடியும் உபயோகித்த முறைதான் இது. தாங்கியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அழுக்கும் வர்ணமும் போக்குக. அதன்மேல் மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசிக் கால்மணி நேரம் விட்டுவிடுக. பின்னர் துணியால் உலரத் துடைத்து, கரும்பலகைச் சுண்ணக்கட்டியை இடித்த மெல்லிய பொடியைத் தூவுக. அல்லது சாராயத்தில் குழைத்து மெல்லப் பூசி உலரவிடுக. தீ அண்டலாகாது, யந்திரமும் ஆறியிருக்கவேண்டும். விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெளிவந்து சுண்ணத்தை நனைக்கும். வெண்பரப்பில் கருத்த மெல்லிய கோடு ஒன்று தோன்றும். வெல்டிங்கின் ஓரத்தையும், துளையின் விளிம்பையும், வளைவின் மூலையையும் முதலில் பார்க்கவேண்டும். மேற்பரப்பில் வெறும் கீறலாயிருந்தால், பொடியைத் துடைத்துவிட்டு மீண்டும் தூவும்பொழுது கோடு தோன்றுவதில்லை. விரிசலாயின், இரண்டாம் முறையும் அதே இடத்தில் ஊறி வரும்.