இரண்டு உரைகள், ஒரே கூட்டம்

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி, பேச்சுக்கலையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு முழுப் பாடம். சீசர் கொல்லப்பட்டதும் ரோம் நகர மக்கள்முன் புரூட்டஸும் மார்க் ஆண்டனியும் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். முதல் உரை முடிந்ததும் கூட்டம் புரூட்டஸைக் கொண்டாடுகிறது. இரண்டாம் உரை முடிந்ததும் அதே கூட்டம் அவர் வீட்டைக் கொளுத்தப் புறப்படுகிறது.

புரூட்டஸ் அறிவைக் கொண்டு பேசினார், ஆண்டனி உணர்ச்சியைத் தூண்டினார், உணர்ச்சி வென்றது என்பதே இக்காட்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இரண்டு உரைகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறார். அவருடைய வாக்கியங்கள் தராசில் நிறுத்தவைபோல் சமமாக நிற்கின்றன. அடிமையாக வாழ விரும்புபவர் இங்கே உண்டா என்று கேட்கிறார். யார்தான் கை தூக்குவார்? ஆனால், சீசருக்கு அதிகார வேட்கை இருந்தது என்ற முக்கியக் குற்றச்சாட்டுக்கு அவர் ஒரு சான்றுகூடத் தரவில்லை. தம் நேர்மையை நம்பி அதையும் நம்பச் சொல்கிறார். கூட்டத்தில் ஒருவர், புரூட்டஸையே சீசர் ஆக்கவேண்டும் என்கிறார்! அவர் எதை எதிர்த்தார் என்பதே மக்களுக்குப் புரியவில்லை.

ஆண்டனி செய்யுளில் பேசுகிறார். சதிகாரர்களைக் குறைகூறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவருக்கு மேடை கிடைத்தது. அதனால் அவர்களைப் புகழ்ந்துகொண்டே போகிறார். ‘மாண்புமிக்கவர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும்போது பாராட்டே ஏளனமாகிவிடுகிறது. இடையிடையே சான்றுகளையும் வைக்கிறார். கைதிகளின் மீட்புப் பணத்தால் சீசர் அரசுக் கருவூலத்தை நிரப்பினார். ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்டார். மணிமுடியை மூன்று முறை மறுத்தார். கடைசியாகச் சொன்னதை மக்களே பார்த்திருக்கிறார்கள். ஆக, ஆதாரம் காட்டியவர் ஆண்டனிதான்.

அதற்காக அவரை நேர்மையாளர் என்று சொல்லிவிட முடியுமா? சீசரின் மேலங்கியை உயர்த்திக் காட்டி, இந்தக் கிழிசல் இன்னாருடைய கத்தியால் ஆனது என்று பெயர் சொல்கிறார். கொலை நடந்தபோது அவர் அந்த இடத்திலேயே இல்லை. அவரை முன்கூட்டியே வெளியே அழைத்துச் சென்றுவிட்டார் டிரெபோனியஸ். உயிலின்படி குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 75 டிராக்மா கிடைக்கும் என்று அறிவிக்கிறார். நான்காம் அங்கத்தின் தொடக்கத்திலேயே அந்த உயிலை வரவழைத்து, கொடுக்கவேண்டியதை எப்படிக் குறைக்கலாம் என்று திட்டமிடுகிறார்.

இந்தச் சொல்வன்மைக்கு விலை கொடுத்தவர் ஓர் அப்பாவி. சதிகாரர்களில் ஒருவரான சின்னாவின் பெயரே தமக்கும் இருந்ததால், கவிஞர் சின்னா கூட்டத்திடம் சிக்குகிறார். நான் கவிஞன் என்று அவர் சொல்லியும் விடவில்லை.

விவாதப் போட்டிகளுக்காக நாம் பேசப் பயிற்சி எடுக்கிறோம். கேட்பதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. புரூட்டஸிடம் “சான்று எங்கே?” என்றும், ஆண்டனியிடம் “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றும் ஒருவராவது கேட்டிருக்கலாம். கைப்பேசியில் வரும் ஒரு காணொளியை அடுத்தவருக்கு அனுப்புமுன் நாமும் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதாம். நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு உரைகளையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனம் எந்த இடத்தில் சாய்கிறதோ அங்கே நிறுத்தி, சாய்த்தது சான்றா, சொல்லழகா என்று பாருங்கள்.