வழுக்கைக்கு மருந்து உண்டா?

திருவண்ணாமலை அய்யங்குளக் கரையில் 1896-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு வாலிபர் தம் குடுமியை மழித்துக்கொண்டார். யாரோ வழிப்போக்கர் குடுமியை எடுக்கவேண்டுமா என்று கேட்க, உடனே சம்மதித்துவிட்டாராம். அவரே பின்னாளில் ஸ்ரீ ரமண மஹரிஷி. அவரது ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் இன்று கிரிவலம் வரும் வாலிபர்களுள், தானே உதிரும் முடியை எண்ணி மனம் குன்றுவோர் இல்லாமல் இல்லை. அவர்களைப் பார்த்து நகைப்பது நமக்கு உடன்பாடில்லை.

தந்தை வழியிலும் தாய் வழியிலும் வரும் வாசனையோடு ஆண்மைச் சுரப்பொன்று சேர்ந்து மயிர்க்கால்களைச் சுருக்குவதே பெரும்பாலான வழுக்கைக்குக் காரணம். பருவமெய்துமுன் விதை நீக்கப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942-இல் அமெரிக்கரான ஹாமில்டன் எடுத்துக்காட்டினார். தொப்பியையும் தண்ணீரையும் பழிப்பது வீண்.

மினாக்ஸிடில் என்பது இரத்தக் கொதிப்புக்குத் தந்த மாத்திரை. உண்டவர் மேனியில் ரோமம் தழைக்கக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதற் சில வாரங்களில் முடி அதிகம் கொட்டலாம்; பலன் தெரியச் சில மாதங்களாகும்; நிறுத்தினால் முளைத்ததும் போய்விடும். 1997-இல் வந்த ஃபினாஸ்டெரைட் மாத்திரை அச்சுரப்பையே குறைப்பது. சிலருக்கு இல்லற இச்சை குன்றுவதுண்டு. கர்ப்பிணிகள் அதன் உடைந்த துண்டைத் தொடவும் கூடாது. டாக்டரைக் கேளாமல் வாங்கலாகாது.

பின்னந்தலை முடியைப் பெயர்த்து முன்னே நடும் முறையை 1959-இல் நியூயார்க் டாக்டர் ஓரென்ட்ரைக் விளக்கி எழுதினார். நல்ல முறைதான், ஆனால் அது ரண சிகிச்சை என்பதை ஜனங்கள் மறக்கிறார்கள். 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். தகுந்த பயிற்சி பெற்ற டாக்டர்களே இதைச் செய்யவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் நெறி வகுத்தது. சிகிச்சைக்கு உட்காருமுன், கத்தி பிடிப்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

வழுக்கையைத் தீர்ப்பதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளலாகாது என்று நம் தேசத்து மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. தைல விளம்பரங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை!

திட்டுத்திட்டாக முடி உதிரும் புழுவெட்டு வேறு வியாதி. கடுமையான புழுவெட்டுக்கு 2022-இல் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரையை அமெரிக்கா அனுமதித்தது. பரம்பரை வழுக்கைக்கு அது மருந்தல்ல.